கிளிப் போட்டு மேல்தாடையை முன்னே கொண்டுவர முடியுமா? வயது 27

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து கடிக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மூக்குக்குக் கீழே உள்வாங்கி, தாடை மட்டும் தூக்கலாகத் தெரியும். எங்கள் அப்பாருக்கும் இதே முகவெட்டுதான், அவர் அதைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. எனக்கு ஜாதகம் எடுத்ததிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சு ஓயவில்லை. அது போக, முன்பல்லால் எதையும் கடித்து எடுக்க முடியாது. கொய்யாவைக்கூட நறுக்கித்தான் தின்கிறேன்.

கோயமுத்தூரில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். அண்ணத்தில் ஒரு கருவியை ஒட்டி வைப்பார்களாம், அது மேல்தாடையைத் தூண்டி முன்பக்கமாக வளர வைக்குமாம், ஆபரேஷனே தேவையில்லையாம். ஒரு வருடத்துக்குள் முகம் மாறிவிடும் என்று படங்கள் காட்டினார்கள். இரண்டு லட்சத்தை ஒட்டிக் கேட்கிறார்கள், தவணையும் உண்டு. ஈரோட்டில் பார்த்த இன்னொரு டாக்டரோ, "இந்த வயதில் தாடை நகராது, ஆபரேஷன்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யாராவது இந்தக் கருவியைப் போட்டிருக்கிறீர்களா?

கம்மங்கூழ் (கோபி)

வைத்தியத்தில் தவணை என்ற பேச்சு வந்தாலே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். பல்லாண்டு அண்ணன் வரட்டும், இது அவர் ஏரியா.

பல்லாண்டு (ஈரோடு)

வந்தாச்சு. பல் சீரமைப்பில் எம்.டி.எஸ் முடித்து அதே வேலையாக இருப்பவன் நான். தம்பி, உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்லலாம்.

மேல்தாடை தனியாகத் தொங்கும் எலும்பு அல்ல. கன்ன எலும்பு, மூக்கெலும்பு, நெற்றி எலும்பு, பின்னால் மண்டையோட்டின் அடிப்பகுதி என்று எல்லாவற்றோடும் தையல்மூட்டுகளால், அதாவது எலும்பும் எலும்பும் தைத்த மாதிரிச் சேரும் இடங்களால், பிணைந்திருக்கிறது. சிறு வயதில் இந்த மூட்டுகளில் பிடிப்பு குறைவு, அங்கே புது எலும்பும் ஊறிக்கொண்டிருக்கும். அதனால்தான் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முகத்தில் மாட்டும் ஃபேஸ் மாஸ்க்கால் மேல்தாடையை முன்னே இழுக்க முடிகிறது. அந்த வயதிலேயே கிடைப்பது சராசரியாக 2, 3 மில்லிமீட்டர்தான். பருவ வயது தாண்டும்போது மூட்டின் இரு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். 27 வயதில் வாய்க்குள் வைக்கும் ஸ்பிரிங்குக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் வலு கிடையாது.

அப்படியானால் அந்த ஸ்பிரிங்கின் விசை எங்கே போகிறது? பல்லுக்குத்தான். பல்லை மெதுவாகத் தள்ளினால், தள்ளும் திசையில் வேரைச் சுற்றிய எலும்பு கரையும், பின்னால் புது எலும்பு உருவாகும். நாங்கள் கிளிப் போட்டுச் செய்கிற வேலை மொத்தமும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான். ஆனால் மேல் முன்பற்களின் வேருக்கு முன்பக்கம் இருக்கும் எலும்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம், பல பேருக்கு அதுவும் இல்லை. அதைத் தாண்டித் தள்ளினால் வேர் எலும்புக்கு வெளியே வந்துவிடும், ஈறு பல்லை விட்டு விலகும், பல் ஆடும். வேலிக்கல்லைத் தள்ளினால் கல்தான் சாயும், காடு நகராது.

வெளியிலிருந்து பார்க்கும்போது பல் முன்னே சாய்ந்ததும் மேலுதடு கொஞ்சம் எழும்பும். படத்தில் அது தாடையே வந்துவிட்ட மாதிரித் தெரியும். காட்டிய படங்களில் எக்ஸ்ரே இருந்ததா, முகம் மட்டும்தானா?

நூல்கண்டு

முகம் மட்டும்தானுங்க. அதுவும் முதல் படத்தில் எல்லோரும் உம்மென்று இருக்கிறார்கள், இரண்டாவதில் சிரிக்கிறார்கள்.

மேற்குமலை (கோவை)

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், அடிக்க வர வேண்டாம். எலும்பு உயிருள்ள திசு. எந்த வயதிலும் கரைந்து, மறுபடி உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. பல் டாக்டர்கள் எல்லாவற்றையும் ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறார்கள். நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டி வைத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டாலே முகம் முன்னே வரும் என்று ஜான் மியூ என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர் பல வருடங்களாகச் சொல்லி வந்தார். நான் செய்கிறேன், கன்னம் எடுப்பாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஏ.ஜி.ஜி.ஏ என்ற கருவியை ஆயிரக்கணக்கான பெரியவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஏமாளிகளா?

பல்லாண்டு

நல்ல கேள்வி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

எலும்பு உயிருள்ளதுதான். அதனால்தான் கை முறிந்தால் கூடுகிறது. அதற்காகக் கூடின கை நீளமாக வளர்வதில்லை. கரைந்து உருவாவது ஒன்று, ஒரு முழு எலும்பு இடம்விட்டு இடம் போவது வேறொன்று.

மூக்கால் மூச்சு விடுவது நல்ல பழக்கம், சிறு பிள்ளைகள் வாயாலேயே மூச்சு விட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்லி நானே அனுப்புகிறேன். ஆனால் வளர்ந்த ஆளுக்கு நாக்கை ஒட்டி வைத்தால் தாடை முன்னே வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஜான் மியூவின் மகன் மைக் மியூவின் பெயரை 2024இல் பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்தே நீக்கியது, குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சை தொடர்பாக.

அப்புறம் ஏ.ஜி.ஜி.ஏ. பின்பற்களில் வளையம், அவற்றிலிருந்து வரும் கம்பி, முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் அழுத்தும் சின்ன அக்ரிலிக் பட்டை. அந்த இடத்தில் அழுத்தினால் மேல்தாடை தூண்டப்பட்டு முன்னே வளரும் என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், கவனித்தீர்களா? 2023 மார்ச்சில் கே.எஃப்.எஃப் ஹெல்த் நியூஸும் சி.பி.எஸ் தொலைக்காட்சியும் சேர்ந்து இதைப் பற்றிப் பெரிய புலனாய்வு வெளியிட்டார்கள். அதற்குள்ளாகவே 20 நோயாளிகளாவது வழக்குப் போட்டிருந்தார்கள். தாடை நகரவில்லை, முன்பல் எலும்புக்கு வெளியே போய்விட்டது, ஈறு போயிற்று, சிலருக்குப் பல்லே போயிற்று என்பது அவர்கள் புகார். கருவியைக் கண்டுபிடித்த மருத்துவர் தரப்பு பொறுப்பை மறுத்தது. செய்தி வந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் விசாரிக்க ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பேர் போட்டுக்கொண்டார்கள் என்பது அது விற்றது என்பதற்குத்தான் சாட்சி.

மேற்குமலை

என் கன்னம் எடுப்பாகத் தெரிவது?

கம்மங்கூழ்

எடை குறைந்திருக்கும்ங்ணா. போன வருடம் படத்தையும் போடுங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

முட்டைக்கோச் (நாமக்கல்)

இதே மாதிரி ஒன்று எனக்கும் நடந்தது, அதனால் எழுதுகிறேன். 32 வயதில் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) மேல்தாடையை முன்னே தள்ளுகிறோம் என்று அண்ணத்தில் ஸ்பிரிங் வைத்த பிளேட் போட்டார்கள். முதல் சில மாதம் எனக்கும் சந்தோஷம்தான். முன்பல் நான்கும் வெளியே வந்து, கடி நேரான மாதிரி இருந்தது. பிறகு முன்பல் இரண்டும் நீளமாக ஆரம்பித்தன. பல் நீளவில்லை, ஈறுதான் மேலே ஏறிப்போயிருக்கிறது. வேர்ப்பக்கம் மஞ்சளாகத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். விரலால் தொட்டால் உதட்டுக்கு உள்ளே வேரின் முண்டு தட்டுப்படுகிறது. கேட்டதற்கு நீங்கள் சரியாகப் பல் துலக்குவதில்லை என்றார்கள்.

இப்போது வேறொரு டாக்டர் பல்லைப் பின்னே கொண்டுவந்து, ஈறு ஒட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எலும்பு திரும்ப வருமா என்றால் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார்.

நூல்கண்டு

அக்கா, போடுவதற்கு முன்னால் ஸ்கேன் ஏதாவது எடுத்தார்களா?

முட்டைக்கோச்

அச்சு எடுத்தார்கள், ஒரு நீளமான எக்ஸ்ரே எடுத்தார்கள். முப்பரிமாண ஸ்கேன் எடுக்கவில்லை. இப்போதைய டாக்டர் முதல் நாளே அதைத்தான் எடுக்கச் சொன்னார். அதில் முன்பல் வேர் பாதிக்கு மேல் எலும்பு இல்லாமல் நிற்பது எனக்கே தெரிந்தது.

தறிச்சத்தம் (குமாரபாளையம்)

நான் ஆபரேஷன் செய்துகொண்டவன். கிளிப்போடு சேர்த்து இரண்டு வருடம் போல ஆயிற்று. யாரும் சொல்லாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஆபரேஷனுக்கு முன்னால் கிளிப் போடும் காலத்தில் முகம் இன்னும் மோசமாகும். நம்மைப் போல எதிர்க்கடிப்பு (கீழ்வரிசை முன்னால் வந்து கடிப்பது) இருப்பவர்களுக்கு மேல்பல் முன்னாலும் கீழ்ப்பல் உள்பக்கமும் தானாகச் சாய்ந்து, தாடை வித்தியாசத்தைக் கொஞ்சம் மறைத்து வைத்திருக்குமாம். அந்தச் சாய்வை எடுத்துப் பல்லை நேராக நிறுத்தினால்தான் தாடையை எவ்வளவு நகர்த்துவது என்று கணக்குப் போட முடியும். ஆகவே நிமிர்த்த நிமிர்த்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. மில்லில் பையன்கள் "என்னண்ணா, காசு கொடுத்துக் கெடுத்துக்கிட்டீங்களா" என்றார்கள்.

இரண்டு, வெட்டு முழுக்க வாய்க்குள்தான். மேலுதட்டைத் தூக்கி, பல்வேருக்கு மேலே எலும்பைக் குறுக்காக அறுத்து, முன்னே கொண்டுவந்து டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து முடுக்குகிறார்கள். முகத்தில் தழும்பு கிடையாது. வீக்கம் மட்டும் பயங்கரம், என் மகளே பக்கத்தில் வரவில்லை. அதைவிட மூக்கடைப்புதான் கொடுமை. மூக்கைச் சிந்தவே கூடாது என்று விட்டார்கள்.

மூன்று, சாப்பாடு. முதலில் தண்ணியாக, பிறகு கூழாக. அம்மா அரிசியும்பருப்பு சாதத்தைக் குழைய வேகவைத்து, மிக்சியில் அடித்து, ரசம் விட்டுக் கரைத்து, ஊசி எடுத்த சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாயோரம் விடுவார். ராகிக்கூழ் நன்றாக இறங்கும். கொள்ளுப்பருப்பு வேண்டாம், தோல் பிளேட் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு வரவே வராது.

நான்கு, மேலுதடும் கன்னமும் மரத்துப்போகும். டீ உதட்டில் ஒழுகினால் தெரியாது. எனக்கு மாதக்கணக்கில் ஆகித்தான் உணர்வு திரும்பியது, இடது மூக்கோரம் ஒரு சின்ன இடம் இன்னும் மந்தம்தான்.

இப்போது முறுக்கை முன்பல்லால் கடிக்கிறேன்.

காங்கயம்காளை (காங்கயம்)

எனக்கு வயது 54. இதே கடிப்பு. ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கறிவிருந்தில் எலும்பு வரைக்கும் கடித்துத் தின்கிறேன், கல்யாணமும் ஆயிற்று, பேரனும் வந்தாயிற்று. பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் எல்லாமே நோய்தான்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லைங்களே. தம்பிக்குக் கடிக்கவே முடியவில்லை என்கிறார்.

நான் கேட்க வந்தது வேறு. என் பையனுக்கு எட்டு முடியப்போகிறது, இதே எதிர்க்கடிப்பு. ஃபேஸ் மாஸ்க் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நெற்றியிலும் தாடையிலும் பட்டை வைத்து வாய்க்கு முன்னால் கம்பி வருமே, அதுதானே? எங்கள் டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். எங்கள் அமுச்சியோ, "பல் முழுசா விழுந்து முளைக்கட்டும், இப்ப என்ன அவசரம்" என்கிறார்.

பல்லாண்டு

அம்மணி, இந்த இழையிலேயே அவசரம் என்று ஒருவருக்குச் சொல்வதானால் அது உங்களுக்குத்தான். அமுச்சி சொல்வது கோணல் பல்லுக்குப் பொருந்தலாம், தாடைக்குப் பொருந்தாது. பத்து வயதுக்குள் ஆரம்பித்தால்தான் அந்த மாஸ்க்குக்கு நல்ல பலன். பின்னால் போகப் போகப் பல்தான் சாயும், தாடை கொஞ்சம்தான் வரும்.

நீங்கள் சொன்ன அதே கருவிதான். வாய்க்குள் மேல்வரிசையில் ஒரு பிளேட், அதிலுள்ள கொக்கியிலிருந்து வெளிக் கம்பிக்கு ரப்பர் வளையம், ஒரு நாளைக்கு 12 மணிநேரமாவது மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போக வேண்டியதில்லை. மாலை வீடு வந்ததிலிருந்து காலை எழும் வரை மாட்டினால் கணக்குச் சரியாகிவிடும். வெயில் காலத்தில் தாடைப் பட்டைக்கு அடியில் வேர்த்துத் தோல் சிவக்கும், மெல்லிய பருத்தித் துணி வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் ஓடும் தாடை என்றால், இப்போது சரியானாலும் பதினைந்து, பதினாறு வயதில் கீழ்த்தாடை மறுபடி ஒரு ஓட்டம் ஓடும். சிலருக்கு அப்போது ஆபரேஷன் வரைக்கும் போகலாம். எல்லோருக்கும் அல்ல.

ஆழியாறு

எங்கள் வீட்டில் அவன் தாத்தாவுக்கும் எனக்கும் இருக்கிறது. நாங்கள் சொந்தத்தில் கட்டினவர்கள் வேறு. அடுத்த வாரமே கூட்டிப்போகிறேன்.

மேற்குமலை

சரி, ஸ்பிரிங் கருவியை விடுங்கள். மார்ப்பி என்று அண்ணத்தில் ஸ்குரூ அடித்து எலும்பையே திறக்கிறார்களே, பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். அது ஆபரேஷன் இல்லாமல் தாடை நகர்வதுதானே?

பல்லாண்டு

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, பாதி அளவுக்கு. மார்ப்பி உண்மையான சிகிச்சை, நானும் செய்கிறேன். அண்ணத்தின் நடுவில் முன்னிருந்து பின்னாகப் போகும் ஒரு தையல்மூட்டு உண்டு. அதன் இரு பக்கமும் எலும்பிலேயே நான்கு சின்ன ஸ்குரூ அடித்து, நடுவில் இருக்கும் முடுக்கியைத் தினமும் கொஞ்சம் திருப்பினால், இளம் வயதில் இருப்பவர்களுக்குப் பல நேரம் அந்த மூட்டு திறக்கும். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தால் திறந்துவிட்டது என்று அர்த்தம். வயது ஏற ஏறத் திறக்காமல் போவதும் உண்டு, ஆண்களுக்குக் கூடுதலாக. அப்போது அறுவையின் துணையோடு விரிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அது அகலம். இடவலமாக விரியும். முன்னே வருவது மிகச் சொற்பம். அகலத்துக்கான கருவியைக் காட்டி நீளத்துக்கான காசை வாங்குவதுதான் இப்போது நடக்கிறது, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, எங்கள் தொழில்தானே.

எலும்பில் பிளேட் பொருத்தி, மேலும் கீழும் ரப்பர் மாட்டி முன்னே இழுக்கும் முறையும் இருக்கிறது. பெல்ஜியத்தின் டி கிளர்க் அதைப் பரவலாக்கினார். அதுவும் பத்து வயதுக்கு மேல் பதின்பருவத் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

நூல்கண்டு

ஈரோட்டு டாக்டரிடம் திரும்பப் போய் பக்கவாட்டு எக்ஸ்ரே அளவுகளை வாங்கிவந்தேன். எஸ்.என்.ஏ 77, எஸ்.என்.பி 81, ஏ.என்.பி மைனஸ் 4 என்று எழுதியிருக்கிறது. மேல் முன்பல் ரொம்ப முன்சாய்வு என்றும் குறிப்பு. இதுவரை எல்லோரும் எனக்குத் தாடை நீண்டுவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

பல்லாண்டு

பொதுவாக எஸ்.என்.ஏ 82ஐ ஒட்டியும், எஸ்.என்.பி 80ஐ ஒட்டியும் இருக்கும். முதலாவது மேல்தாடை, இரண்டாவது கீழ்த்தாடை, மண்டையோட்டின் அடியை வைத்து அளக்கும் கோணங்கள். ஏ.என்.பி இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கணக்குப்படி கீழ்த்தாடை ஏறத்தாழ இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, மேல்தாடைதான் பின்தங்கியிருக்கிறது. மண்டையோட்டு அடியின் சாய்வு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் இந்த ஒரு கோணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம், ஆனாலும் திசை இதுதான்.

முக்கியமானது அந்தக் கடைசிக் குறிப்பு. உங்கள் முன்பல் ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறது. தறிச்சத்தம் சொன்ன அதே மறைப்பு வேலை. அதை ஸ்பிரிங் வைத்து இன்னும் தள்ளினால் நாமக்கல் அம்மணிக்கு நடந்ததைவிடச் சீக்கிரம் நடக்கும்.

உங்களுக்கு முன்னால் மூன்று வழி. மேல்தாடையை மட்டும் முன்னே கொண்டுவரும் ஆபரேஷன், முன்னும் பின்னும் கிளிப். அல்லது ஆபரேஷன் இல்லாமல், கீழே பல் எடுத்துக் கீழ்வரிசையைப் பின்னே இழுத்துக் கடிப்பை மட்டும் சரிசெய்வது. கொய்யா கடிக்கலாம், பக்கவாட்டு முகம் பெரிதாக மாறாது. மூன்றாவது காங்கயத்துப் பெரியவர் வழி.

தறிச்சத்தம்

இரண்டாவது வழியைப் பிடித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் சிக்கல், அதையும் சொல்லிவிடுங்கண்ணா.

பல்லாண்டு

ஆமாம். மறைப்புக்குப் பல்லை நகர்த்தும் திசையும், ஆபரேஷனுக்குத் தயார்செய்யும் திசையும் நேர் எதிர். பாதியில் மாறினால் செய்ததை முழுக்கத் திருப்ப வேண்டும். அதனால் கிளிப் ஒட்டுவதற்கு முன்னாலேயே முடிவு எடுங்கள். பல் சீரமைப்பு டாக்டரும் தாடை அறுவை டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் இடமாகப் பாருங்கள். திருச்செங்கோடு, குமாரபாளையம், கோவைப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு துறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும், செலவும் பெரும்பாலும் தனியாரைவிடக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், கூட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்மங்கூழ்

அந்தக் கோயமுத்தூர் கிளினிக்கில் என்ன சொல்லிவிட்டு வருவது? அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாரா தம்பி?

நூல்கண்டு

ஐயாயிரம் கொடுத்தேன். இன்று போன் போட்டு, "முன்பல் வேருக்கு முன்னால் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டுங்கள், முடித்தவர் ஒருவருடைய முன், பின் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்" என்றேன். டாக்டர் திரும்பக் கூப்பிடுவார் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. அங்கே பார்த்தவர் பி.டி.எஸ் என்பதும் இன்றுதான் ரசீதைப் பார்த்துத் தெரிந்தது.

பல்லாண்டு

பி.டி.எஸ் என்பதாலேயே குறை சொல்ல மாட்டேன், நல்ல கை இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் தாடை நகர்த்தும் பேச்சு என்றால், அதற்கு மேல் மூன்று வருட எம்.டி.எஸ் படித்தவர் பார்த்திருக்க வேண்டும்.

முட்டைக்கோச்

தம்பி, ஐயாயிரம் போனால் போகட்டும். நான் விட்டதை எழுதினால் அழுதுவிடுவேன்.

நூல்கண்டு

சரிங்க அக்கா. திங்கட்கிழமை லீவு போட்டுத் திருச்செங்கோடு போகிறேன். கடைசியாக ஒன்று, எனக்குக் கீழே ஞானப்பல் இரண்டும் பாதி புதைந்து கிடக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்க வேண்டுமா? அப்புறம் எங்கள் ஊர் போர் தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை உண்டு, கிளிப் ஒட்டுமா?

பல்லாண்டு

கீழ்த்தாடையையும் வெட்டுவதாக முடிவானால் ஞானப்பல்லைச் சில மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்லும் டாக்டர்கள் அதிகம், வெட்டும் கோடு அந்த இடத்தில்தான் போகும். மேல்தாடை மட்டும் என்றால் அந்தக் காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை, வலியோ சீழோ இருந்தால் மட்டும். கறை ஃபுளோரைடால் வந்ததாக இருந்தால் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) அடிக்கடி கழன்று விழும், நம் பக்கம் இது சகஜம். ஆசிட் போடும் நேரத்தைக் கூட்டி, மேல் எனாமலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி ஒட்டுவோம். முதல் நாளே கறையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், விழுந்த பிராக்கெட்டுக்குத் தனியாகக் காசு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.